சுர்பீரின் ஐந்து புள்ளிகள்

சுர்பீர் ராய் ஏழாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவர். யாரும் கேட்காமலே அவரே சொல்லிவிடுவார். "முதல் தடவ கணக்குல போச்சு. ரெண்டாவது தடவ இங்கிலீஷ்ல போச்சு. மூணாவது தடவ நானே போயிட்டேன்" என்பார். போன இடம் மலேசியா. கையுறைத் தொழிற்சாலையில் ஆறு வருடம், பிறகு கத்தாரில் நான்கு வருடம். அந்தப் பத்து வருடச் சம்பாத்தியத்தில்தான் அவர் மனைவி நிர்மயா காத்மாண்டுவில் பட்டப்படிப்பு முடித்தார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அடிலெய்டில் வடக்குப் பக்கம் ஒரு பழைய செங்கல் வீட்டை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். சுர்பீர் அண்ணாவும் நிர்மயா அக்காவும் பெரிய அறையில். சாப்பாடு டெலிவரி செய்துகொண்டே கணினி படித்த தாவா ஷெர்பா பின்னறையில். முன்னறையில் நான், சுவர்ணா துலாதர், கணக்கியல் மாணவி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் சுர்பீர் அண்ணாவை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. மனைவியின் மாணவர் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த ஆள். விடிகாலையில் டெப்போவுக்குப் போய் பஸ் கழுவிவிட்டு மதியம் வருவார். வந்ததும் சோயாவைப் புளிக்க வைத்துக் கினெமா செய்வார். அதன் நாற்றம் என் அறை வரை வரும். அவ்வளவுதான் எனக்கு அவர்.

நிர்மயா அக்கா வேறு மாதிரி. மழலையர் கல்வியில் முதுகலை முடித்து, ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாக ஒரு வருடத்துக்கும் மேல் ஓடியிருந்தது. இந்த நாட்டில் நிலையாகத் தங்க வேண்டுமானால் புள்ளிகள் வேண்டும். வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, ஆங்கிலத்துக்கு, வேலைக்கு, படித்த ஊருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எல்லாவற்றையும் கூட்டி அக்கா ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார். மாநில அரசு கை கொடுத்தால் கிடைப்பதையும் சேர்த்துத் தொண்ணூறு. அவருடைய தொழிலில் அந்த வருடம் தொண்ணூற்றைந்து இருந்தவர்களைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு இன்னொரு சிக்கல். மே இருபத்தெட்டாம் தேதி அக்காவுக்கு முப்பத்துமூன்று வயது பிறக்கிறது. அன்றைக்கு வயதுக் கணக்கிலிருந்து ஐந்து புள்ளி தானாகக் கழன்றுவிடும்.

தாளின் கடைசி வரியில் 'துணை' என்று எழுதி எதிரே பூஜ்யம் போட்டிருந்தார். கல்யாணமாகாதவர்களுக்கு அந்த இடத்தில் பத்துப் புள்ளி. தாவா இதை வைத்து என்னை ஓட்டாத நாள் கிடையாது.

"சுவர்ணா அக்கா, ஒனக்கு மாப்ள கெடைக்காததுக்கு அரசாங்கமே பாவப்பட்டு பத்து பாயின்ட் குடுக்குது பாரு."

"ஒனக்கும்தான் பத்து. மூஞ்சிய கண்ணாடியில பாத்து நன்றி சொல்லிக்கோ" என்பேன்.

சுர்பீர் அண்ணா எங்களோடு சேர்ந்து சிரிப்பார். அந்தப் பூஜ்யம் அவர்தான் என்பது அவருக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவப் போய்விடுவார்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மூவருமாக விசா ஆலோசகர் லெக்நாத்தைப் பார்க்கப் போனோம். என் கோப்பும் அவரிடம் இருந்ததால் நானும் ஒட்டிக்கொண்டேன். மசாலாக் கடைக்கு மேலே மாடியில் அவருடைய அலுவலகம். தாளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நிர்மயா, உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கு. ஒரே எடத்துலதான் இடிக்குது" என்றவர், சுர்பீர் அண்ணாவைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார். "பேப்பர்ல மட்டும் பிரிஞ்சிருங்க. தனி ஆளுன்னு போட்டா பத்து. மொத்தம் நூறு. அடுத்த மாசமே கூப்பிடுவாங்க. அண்ணன் கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வரட்டும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மறுபடி கல்யாணம் பண்ணி கூட்டிக்கலாம். நெறைய பேர் பண்றதுதான்."

"எங்க கையெழுத்து போடணும்?" என்றார் சுர்பீர் அண்ணா.

நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் கோபமில்லை, வருத்தமில்லை. பேனா கேட்டுக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

நிர்மயா அக்கா எழுந்து நின்றார். "சார், உங்க வீட்ல நீங்க பிரிஞ்சாச்சா?"

"நான் எதுக்குங்க? எனக்குத்தான் நிரந்தரமா தங்குற பிஆர் ஏற்கனவே கெடச்சிருச்சே."

"அப்ப உங்க சம்சாரத்துக்கு அது நிம்மதி" என்று சொல்லிவிட்டுத் தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கீழே கடை வரை கேட்டது.

பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் வெடித்தது. அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வார்கள். எங்கள் நேவார் வீடுகளில் அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அவர்கள் சண்டை எனக்கு எப்போதும் இரண்டு சிநேகிதர்களின் சண்டை மாதிரியே இருக்கும்.

"கையெழுத்து எங்கன்னு கேக்குறியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

"பத்து பாயின்ட் நிர்மயா. நான் என்ன சம்பாரிச்சாலும் ஒனக்கு பத்து பாயின்ட் வாங்கித் தர முடியுமா?"

"நீ இல்லாம அந்தப் பத்த வெச்சு நான் என்ன பண்றது? நாளைக்கு அதிகாரி கேட்டா, எனக்கு புருஷன் இல்லன்னு சொல்லணும். எம் பட்டத்துல பாதி உன்னுது. கையுறை பாக்டரியில கை வெந்து சம்பாரிச்சு அனுப்புனவன் யாரு? இல்லாத ஆளா அனுப்பினான்?"

"பொய்தானே? பேப்பருக்குத்தானே?"

"அந்தப் பேப்பர்ல எம் பேரு இருக்கும்டா."

சத்தம் அடங்கியதும் தண்ணீர் எடுக்கப் போனேன். அக்கா அறைக்குள் போய்விட்டிருந்தார். அண்ணா குளிர்சாதனப் பெட்டி முன்னால் நின்று தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இங்க துணைக்கு இங்கிலீஷ் தெரிஞ்சா அஞ்சுன்னு சின்னதா எழுதியிருக்கே. அது எவ்வளவு இங்கிலீஷ்?"

"ஆறு வாங்கணும் அண்ணா. கேக்குறது, படிக்கிறது, எழுதுறது, பேசுறது, நாலுலயும் ஆறு."

"பத்துக்கா?"

"ஒன்பதுக்கு."

"அப்ப மூணு தப்பு பண்ணலாம்" என்றார்.

மறுநாளே நவம்பர் கடைசித் தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டார். அக்காவிடம் சொல்லவில்லை. தேர்வன்று பெருக்கல் வாய்ப்பாடு எழுதப் போகும் பிள்ளை மாதிரி தலையை எண்ணெய் போட்டு வாரிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்துத்தான் அக்காவுக்கே சந்தேகம் வந்தது. சாயங்காலம் திரும்பி வந்தவரைச் சுற்றி உட்கார்ந்தோம். பேச்சுத் தேர்வில் அதிகாரி ஒரு அட்டையைக் கொடுத்தாராம். சமீபத்தில் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும்.

"என்ன சொன்னீங்க அண்ணா?" என்றான் தாவா.

"நான் புத்தகம் எதுவும் படிச்சதில்லன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்வளவுதான். பாக்கி நேரம் அந்த அம்மா என்னைப் பாத்தாங்க, நான் அவங்களப் பாத்தேன்."

தாவா தரையில் உருண்டு சிரித்தான். "அடிச்சு விட வேண்டியதுதானே! இமயமலை வரலாறுன்னு ஏதாவது! அவங்க போயி தேடியா பாப்பாங்க?"

"படிக்காதத படிச்சேன்னு எப்படிடா சொல்றது? அடுத்த கேள்வி அதுலேருந்து கேட்டா?"

சில நாள் கழித்து முடிவு வந்தது. நான்கு பிரிவிலும் நாலு, நாலரை. தாளை அக்கா வாங்கிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நாலு வாங்குனவன் ஆறு வாங்க எவ்வளவு நாளாகும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஒன் பொறந்த நாளுக்குள்ள" என்றார் அண்ணா.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு வேளையில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சட்டம் வந்தது. மறந்து நேபாளியில் பேசுகிறவர் அன்றைய பாத்திரம் முழுக்கக் கழுவ வேண்டும். முதல் இரண்டு வாரம் எல்லாப் பாத்திரமும் தாவாதான் கழுவினான். சுர்பீர் அண்ணா தப்பாகப் பேசினாலும் ஆங்கிலத்திலேயே பேசினார். தெரியாத சொல் வந்தால் கையால் காட்டிவிட்டுப் பெயர் கேட்பார். டெப்போவில் கழுவ வரும் பஸ்களில் ஓட்டுநர்கள் ரேடியோவை அணைக்காமல் இறங்கிவிடுவார்களாம். அதை அணைக்காமலே கழுவினார். விவசாயிகள், கால்பந்து, அரசியல்வாதிகள் மேல் எரிச்சல், எல்லாம் அவர் காதில் விழுந்தது. இருக்கையில் பயணிகள் விட்டுப்போன செய்தித்தாள்களைப் பொறுக்கி வந்து மதியம் படுக்கையில் கால் நீட்டி உரக்கப் படிப்பார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் வரவு செலவுக் கணக்கு படித்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் அவர் ஒரே வாக்கியத்தை ஐந்து முறை படிப்பார். ஐந்தாவது முறை சரியாக வரும்போது எனக்கே ஒரு திருப்தி வரும்.

எழுத்துதான் மலையாக நின்றது. தேர்வில் ஒரு கடிதம் எழுத வேண்டும், ஒரு கட்டுரை எழுத வேண்டும். மாதிரிக் கேள்விகளில் எல்லாம் இல்லாத மேலாளருக்கு, இல்லாத ஓட்டலுக்கு எழுதச் சொல்லியிருந்தது. "இல்லாத ஆளுக்கு எதுக்கு லெட்டர்?" என்று பேனாவை மூடினார். இரண்டு நாள் கழித்து, உண்மையான ஆளுக்கே எழுதத் தொடங்கினார்.

எங்கள் வீட்டு வெந்நீர்க் கொதிகலன் ஜூன் மாதத்திலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டு முகவருக்கு நான் நாலைந்து முறை போன் செய்து சலித்துப் போயிருந்தேன். சுர்பீர் அண்ணா எழுதினார். 'மரியாதைக்குரிய அம்மணி, எங்கள் கொதிகலன் ஆறு மாதமாக அழுகிறது. நாங்கள் அதற்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறோம். வாளி நாளுக்கு இரண்டு முறை நிறைகிறது. இந்த மாநிலத்தில் தண்ணீர் குறைவு என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள். தயவுசெய்து வந்து பாருங்கள்.' எத்தனை திருத்தினாலும் 'அழுகிறது' என்பதை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

மூன்றாம் நாள் குழாய்க்காரர் வந்தார். "எதோ அழுவுற கொதிகலனாமே, எங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அது அவருக்கு ஒரு பிடி கொடுத்தது. வாரத்துக்கு மூன்று கடிதம் என்று கணக்கு வைத்துக்கொண்டார். பின் தெருவில் முதியோர் இல்லத்துக்கு முன்னால் ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. கூரையில்லாத வெறும் கம்பம். நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில் வேலை முடிந்த பிலிப்பைன்ஸ் பெண்கள் கையால் தலையை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். சுர்பீர் அண்ணா அந்த நிறுத்தத்தில் ஏறுகிறவரே இல்லை, சைக்கிளில் போகிறவர். ஆனாலும் நகரசபைக்கு எழுதினார். எத்தனை மணிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று மூன்று நாள் எண்ணிச் சேர்த்தார். பதில் வந்தது, பட்டியலில் சேர்த்திருக்கிறோம் என்று. "பட்டியல் எங்கே முடிகிறது?" என்று கேட்டு மறுபடி எழுதினார். பிப்ரவரியில் கூரை போட்டார்கள்.

அங்கே வேலை செய்யும் மாரிவிக் என்ற பெண் எப்படியோ கடிதம் எழுதியவரைக் கண்டுபிடித்து, ஒரு தட்டு நிறைய வாழைப்பழ வறுவலோடு வந்து நின்றாள். தன் மகனின் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அவளுடைய ஆங்கிலம் அண்ணாவுடையதைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது.

"நீங்களே எழுதலாமே?" என்றார் அண்ணா.

"நான் எழுதுனா யாரும் பதில் போடல. நீங்க எழுதுனாத்தான் வேல நடக்குதாம்" என்றாள்.

அன்று எழுதிக் கொடுத்தார். பிறகு எதிர்வீட்டு பூட்டான் தம்பதிக்கு, டெப்போவில் இரண்டு பேருக்கு. இலக்கணம் தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். ஆனால் என்ன நடந்தது, யாருக்கு என்ன கஷ்டம், என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கும். பட்டம் வாங்கப் போகும் எனக்கு அப்படி எழுத வராது என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மனிதரை அவருடைய விசாவின் பெயரை வைத்து எடைபோட்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஜனவரியில் இரண்டாவது தேர்வு. ஐந்து, ஐந்தரை. பிப்ரவரி கடைசியில் மூன்றாவது. கேட்பதில் ஆறரை, படிப்பதில் ஆறு, பேசுவதில் ஆறு. பேச்சுத் தேர்வில் பொது இடம் ஒன்றைப் பற்றிக் கேட்டதற்கு கூரையில்லாமல் இருந்த அந்தப் பஸ் நிறுத்தத்தைப் பற்றிப் பேசி, நேரம் முடிந்ததும் அதிகாரி நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம். எழுதுவதில் ஐந்தரை.

அரை மார்க். ஒரு பிரிவில் அரை மார்க் குறைந்தாலும் மற்ற மூன்றும் செல்லாது. நான்கையும் மறுபடி எழுத வேண்டும். அக்கா முகம் கழுவுகிற மாதிரி தொட்டியில் குனிந்து நெடுநேரம் நின்றார். பிறகு, "போதும் சுர்பீர். நீ எளச்சுட்ட. கண்ணு உள்ள போயிருச்சு. விட்டுரு" என்றார்.

"ஏழாம் வகுப்புல விட்ட மாதிரியா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தேர்வுத் தேதியைத் தேடக் கணினியைத் திறந்தார்.

கடிதத்தில் குறையில்லை, கட்டுரையில்தான் இடிக்கிறது என்பது எங்களுக்குப் புரிந்தது. ஒரு விஷயத்தைக் கொடுத்து இரண்டு பக்கத்தையும் அலசச் சொல்வார்கள். அண்ணாவுக்கு அது பிடிபடவேயில்லை.

"எனக்கு ஒரு பக்கம்தான் தெரியும். எது சரியோ அத எழுதிட்டேன். தப்பான பக்கத்தையும் நான் எதுக்கு எழுதணும்?"

"அடுத்தவன் என்ன சொல்வான்னு யோசிச்சு எழுதணும் அண்ணா" என்றேன்.

"அடுத்தவன் சொல்றத அடுத்தவன் எழுதட்டும்."

நிர்மயா அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "லெக்நாத் ஆபீஸ்ல ரெண்டு பக்கம் இருந்துச்சே. அவன் சொன்னது ஒண்ணு, நான் சொன்னது ஒண்ணு. நீ நடுவுலதானே ஒக்காந்திருந்த? அத எழுது."

நாற்பது நிமிடத்துக்குக் கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதினார். 'புள்ளிக்காகக் கணவனும் மனைவியும் தாளில் பிரியலாமா?' முடித்ததும் தாளை அக்காவிடம் நீட்டிவிட்டு வெளியே போய்ச் செடிக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார்.

அக்கா படித்தார். படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பிரியலாம் என்ற பக்கத்தை லெக்நாத்தைவிட நூறு மடங்கு நன்றாக எழுதியிருந்தார். மனைவி கெட்டிக்காரி. குழந்தைகள் அவளைப் பார்த்ததும் ஓடி வருகின்றன. அவளுக்கு இந்த ஊர் பொருந்திவிட்டது. கணவனுக்குப் படிப்பில்லை. அவன் இல்லாமல் இருந்திருந்தால் அவள் போன வருடமே தங்கியிருப்பாள். ஒரு மனிதன் மூட்டையாக இருந்தால், சுமக்கிறவளைக் காப்பாற்ற மூட்டை தானே இறங்கிக்கொள்வது நல்லது. இப்படி ஒரு பத்தி. அடுத்த பத்தியில், பிரியக்கூடாது என்ற பக்கத்துக்கு மூன்றே வரிகள். 'ஆனால் என் மனைவி சம்மதிக்கவில்லை. அவள் என்னை மூட்டை என்று நினைக்கவில்லை. அவள் என்னைவிட அதிகம் படித்தவள், அதனால் அவள் சொல்வது சரியாக இருக்கலாம்.'

அக்கா சிவப்புப் பேனா எடுத்து உட்கார்ந்தார். இறந்தகாலத்தில் வந்த நான்கு தப்புகளைத் திருத்தினார். எழுவாய்க்குப் பொருந்தாத வினையைத் திருத்தினார். 'மூட்டை' என்ற சொல்லின் மேல் பேனா கொஞ்ச நேரம் நின்றது. எழுத்துப் பிழை அதில் இல்லை. அதை விட்டுவிட்டார். கடைசியில், 'இரண்டாவது பத்தி போதாது. இன்னும் காரணம் வேண்டும்' என்று எழுதி, பின் கதவைத் திறந்து செடியருகே போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது அண்ணாவின் சட்டை தோளில் ஈரமாக இருந்தது. தண்ணீர்க் குழாய் வேறு பக்கம் கிடந்தது.

அந்தக் கட்டுரையை ஏழு முறை திருப்பி எழுதினார். ஒவ்வொரு முறையும் இரண்டாவது பத்தி கொஞ்சம் நீண்டது.

ஏப்ரலில் நான்காவது தேர்வு. முடிவு ஒரு ஞாயிறு காலை வந்தது. அண்ணா தக்காளி சுட்டு ஊறுகாய்க்கு அரைத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் மிளகாய். "நீ பாரு தங்கச்சி" என்று போனை என் பக்கம் தள்ளினார். அக்கா அடுப்பை அணைத்தார். தாவா வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் நின்றான்.

"கேக்குறது ஏழு. படிக்கிறது ஆறரை. பேசுறது ஆறரை."

"அத விடு. எழுத்து?"

"ஆறு."

அண்ணா கையைக் கழுவாமலே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் எரிச்சலா, வேறு எதுவுமா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கண்ணீர் கொட்டியது. "பால் ஊத்து! பால் ஊத்து!" என்று தாவா கத்திக்கொண்டு ஓடினான். சிரிப்பும் அலறலுமாக அன்று ஊறுகாய் பாதியிலேயே நின்றுபோயிற்று.

அக்கா கணினியில் ஐந்தைச் சேர்த்தார். தொண்ணூற்றைந்து. அதற்கடுத்த ஐந்து வாரம், காப்பகத்தில் இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் போனைப் பார்ப்பதாக அக்கா சொன்னார். அழைப்பு வரவில்லை. அந்த வருடத்துக்கான இடங்கள் நிரம்பிவிட்டதாக மாநில அரசு மே இருபதில் அறிவித்தது. இருபத்தெட்டாம் தேதி காலையில், யாரும் தொடாமலே, அக்காவின் கணக்கில் தொண்ணூற்றைந்து தொண்ணூறு ஆயிற்று.

கேக் வைத்திருந்தோம். தாவாவுக்கு வாய் நிற்காது. "அப்ப ஏழு மாசம் ஓடுனது எல்லாம் நின்ன எடத்துலயே நிக்கறதுக்கா?"

நான் அவன் காலை மிதித்தேன். சுர்பீர் அண்ணா மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டே சொன்னார். "நின்ன எடத்துலேருந்து விழலையேடா. அது போதும், அடுத்த வருஷம் பாக்கலாம். நிர்மயா, ஊது. மெழுகு கேக்குல சொட்டுது."

புது வருடத்துக்கான பட்டியல் ஆகஸ்டில் திறந்தது. காப்பகங்களில் ஆளில்லை என்று செய்தித்தாள்களில் வந்துகொண்டிருந்த நேரம். மழலையர் ஆசிரியர்களைத் தொண்ணூறிலும் அழைக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எண்பத்தைந்தில் இருந்த எங்கள் சிநேகிதி ஒருத்தி அழைப்பு வராமல் காத்திருந்தாள். செப்டம்பர் இரண்டாம் வாரம் நிர்மயா அக்காவுக்கு அழைப்பு வந்தது. காப்பகத்தின் மணல் குழிக்கு நடுவே உட்கார்ந்து அவர் அழுததைப் பார்த்து அங்கே விளையாடிய இரண்டு குழந்தைகளும் சேர்ந்து அழுதனவாம்.

விண்ணப்பத்துக்கு ஆவணம் திரட்டும்போதுதான் ஒன்று கவனித்தோம். இவர்கள் உண்மையான கணவன் மனைவிதான், ஒன்றாக வாழ்கிறார்கள் என்பதற்குச் சான்று கேட்டிருந்தார்கள். கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், படங்கள். கூடவே, அவர்களை நன்றாக அறிந்தவர் ஒருவரின் உறுதிமொழி. அக்கா என்னைக் கேட்டார்.

ஒரு பக்கம் எழுதினால் போதும் என்றார்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். லெக்நாத்தின் அறையில் பேனா கேட்ட கையைப் பற்றி, பாத்திரம் கழுவும் சட்டத்தைப் பற்றி, சிவப்புப் பேனாவைப் பற்றி, ஈரத் தோளைப் பற்றி. நூலகத்தில் உறுதிமொழி வாங்கும் முதியவர் வழக்கப்படி கையெழுத்தை மட்டும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுவதும் படித்தார்.

"இவங்க ரெண்டு பேரும் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"வீட்ல. சண்ட போட்டுட்டிருப்பாங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

அடுத்த மார்ச்சில் இருவருக்கும் விசா வந்தது. மூன்று வருடம் இந்தப் பக்கத்திலேயே வேலை செய்து வாழ்ந்தால் நிரந்தரமாகும். சுர்பீர் அண்ணா மறுநாள் வழக்கம்போல டெப்போவுக்குப் போனார். மதியம் திரும்பும்போது தொழிற்கல்லூரியில் டீசல் இயந்திரப் படிப்புக்கு விண்ணப்பப் படிவத்தோடு வந்தார். நுழைவுக்கு என்ன தகுதி என்று கேட்டிருந்த இடத்தில் 'ஏழாம் வகுப்பு, இரண்டு முறை' என்று எழுதியிருந்தார்.

எனக்கு இப்போது எண்பது புள்ளி. என் தொழிலில் அது எங்கேயும் எட்டாது. ஆங்கிலத்தில் நான்கிலும் எட்டு வாங்கினால் இன்னும் பத்து கிடைக்கும். எழுத்தில் ஏழிலேயே மூன்று முறை நின்றுவிட்டேன். நான்காவது முறைக்கு அடுத்த சனிக்கிழமை பதிவு செய்திருக்கிறேன். நேற்று சுர்பீர் அண்ணா என் கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "ரெண்டு பக்கமும் அழகா இருக்கு தங்கச்சி. ஆனா நீ எந்தப் பக்கம்னு தெரியலையே" என்றார். உட்கார்ந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.